தொலைமருத்துவம்: பராமரிப்பின் தரமும் கட்டணமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் உள்ள தமிழ்க் குடும்பங்கள், கைப்பேசித் திரையில் மருத்துவரைப் பார்ப்பது பற்றி என்னிடம் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. கிளினிக்குகளின் கட்டணக் கணக்குகளையும் காப்புறுதிக் கோரிக்கைகளையும் பார்க்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் விடைகளை எழுதியிருக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். அதனால் நோய் பற்றிய விடைகளில் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டவற்றோடு நின்றுகொள்கிறேன். பணம் பற்றிய விடைகளில் என் கருத்தையும் சொல்கிறேன்.

தொலைமருத்துவம் என்பதில் எவையெல்லாம் அடங்கும்?

மருத்துவரும் நோயாளியும் ஒரே அறையில் இல்லாமல் காணொளி, தொலைபேசி, எழுத்துச் செய்தி ஆகியவற்றின் வழியாக நடத்தும் ஆலோசனை அனைத்தும் இதில் அடங்கும். வீட்டில் அளந்த இரத்த அழுத்தத்தையும் சர்க்கரை அளவையும் கிளினிக்குக்கு அனுப்பி, அதைப் பார்த்து மருத்துவர் மருந்தின் அளவை மாற்றிக் கொடுப்பதும் தொலைமருத்துவமே. உறவுக்காரரான ஒரு மருத்துவரிடம் வாட்சாப்பில் "இந்த மாத்திரையைச் சாப்பிடலாமா?" என்று கேட்பதை இந்தப் பக்கம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

மலேசியாவில் இதற்கென்று தனிச் சட்டம் உண்டா?

சட்டம் உண்டு, ஆனால் அது அமலில் இல்லை. தகவல் தொழில்நுட்பத்தை வளர்க்க அரசாங்கம் தொடங்கிய மல்டிமீடியா பெருவழித் திட்டம் ஊரெங்கும் பேசப்பட்ட 1997-ஆம் ஆண்டிலேயே நாடாளுமன்றம் தொலைமருத்துவச் சட்டத்தை நிறைவேற்றிவிட்டது. நோயாளியிடம் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் பெற வேண்டும், வெளிநாட்டிலிருந்து ஆலோசனை வழங்கும் மருத்துவர் மலேசிய மருத்துவ மன்றத்திடம் தனிச் சான்றிதழ் வாங்க வேண்டும், மீறுவோருக்கு 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ 5 ஆண்டு வரை சிறையோ அல்லது இரண்டுமோ விதிக்கலாம் என்றெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அது எந்த நாளில் அமலுக்கு வரும் என்ற அறிவிப்பு வெளியாகாமலேயே காலம் ஓடிவிட்டது.

எனவே இந்தச் சேவையை வேறு சட்டங்களே ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மருத்துவரை 1971-ஆம் ஆண்டு மருத்துவச் சட்டமும், தனியார் கிளினிக்கை 1998-ஆம் ஆண்டு தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டமும், மருந்தை 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டமும், உங்கள் விவரங்களை 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் கட்டுப்படுத்துகின்றன. கோவிட்-19 பரவிய 2020-இல் மலேசிய மருத்துவ மன்றமும் திரைவழி ஆலோசனை குறித்து மருத்துவர்களுக்கு ஓர் அறிவுறுத்தலை வெளியிட்டது. இவற்றில் ஓர் இடைவெளி இருப்பதைக் கவனிக்க வேண்டும். 1998-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டடத்தையும் அறையையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நோயாளியையும் மருத்துவரையும் இணைத்துவிட்டு நடுவில் பணம் வாங்கும் செயலி நிறுவனத்தை அது எண்ணிப் பார்க்கவில்லை. கட்டணம் பற்றிய குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

திரையில் தெரிபவர் உண்மையான மருத்துவர்தானா என்பதை எப்படி அறிவது?

மலேசிய மருத்துவ மன்றத்தின் இணையத்தளத்தில் பதிவுபெற்ற மருத்துவர்களின் பெயரைத் தேடிப் பார்க்கலாம். பெயர் இருந்தால் மட்டும் போதாது. அந்த ஆண்டுக்குரிய தொழில்புரிச் சான்றிதழ் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஆலோசனை தொடங்கும் முன்பே முழுப் பெயரைச் சொல்லாத மருத்துவரிடமும், பணம் கட்டிய பிறகுதான் மருத்துவரின் பெயரைக் காட்டும் செயலியிடமும் நான் உடல்நலத்தை ஒப்படைக்க மாட்டேன்.

நேரில் பார்ப்பதற்கு ஈடான தரம் திரையில் கிடைக்குமா?

எந்த நோய், எந்தக் கட்டம், யார் பார்க்கிறார் என்பதைப் பொறுத்தது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015-இல் ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டது. 93 ஆய்வுகளையும் 22,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளையும் உள்ளடக்கிய அத்தொகுப்பில், இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடையே இறப்பு விகிதம் வழக்கமான பராமரிப்பிலிருந்து வேறுபடவில்லை. நீரிழிவு உள்ளவர்களுக்குச் சர்க்கரைக் கட்டுப்பாடு ஓரளவு மேம்பட்டது. அதாவது, நோய் என்னவென்று ஏற்கெனவே தெரிந்து, அளந்து பார்க்க ஓர் எண்ணும் இருந்து, அதைத் தொடர்ந்து கண்காணிக்கும் வேலையைத் திரைவழியாக நன்றாகவே செய்ய முடிகிறது.

இது நம் சமூகத்துக்கு நேரடியாகப் பொருந்தும் செய்தி. 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், 18 வயதைக் கடந்த மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடையே அந்த விகிதம் 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நீரிழிவோடு வாழும் சமூகத்தில், நிபோங் திபாலிலிருந்து செபராங் ஜெயா மருத்துவமனைக்கு ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போய், மூன்று மணி நேரம் உட்கார்ந்து, "அளவு சரியாக இருக்கிறது, அதே மருந்தைத் தொடருங்கள்" என்று கேட்டுவிட்டுத் திரும்புவதை எந்த வகையிலும் தரமான பராமரிப்பு என்று சொல்ல முடியாது. அந்த ஐந்து நிமிட உரையாடல் திரையில் நடக்கலாம், நடக்கவும் வேண்டும்.

ஆனால் அதே நோயாளியின் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிப்பதும், கண்ணின் விழித்திரையைப் படம் எடுப்பதும், மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை எச்பிஏ1சி என்னும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைப் பரிசோதனைக்கு இரத்தம் எடுப்பதும், சிறுநீரில் புரதம் பார்ப்பதும் திரையில் நடவாதவை. காலில் புண் வந்து விரலை இழப்பவர்களில் பலர் மருந்தை ஒழுங்காக வாங்கிக்கொண்டிருந்தவர்கள்தாம். யாரும் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பார்க்கவில்லை, அவ்வளவே. ஆகவே ஆண்டு முழுவதும் திரையிலேயே பார்க்கிறோம் என்று விளம்பரப்படுத்தும் நீரிழிவுத் திட்டம் எதுவாக இருந்தாலும், கால், கண், இரத்தம், சிறுநீர் ஆகிய நான்கையும் எங்கே, எப்போது, யார் செலவில் பார்ப்பீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

மனநல ஆலோசனை, தோலில் தெரியும் சில தடிப்புகள், இரத்தக் கொதிப்பு மருந்தின் மறுபரிசீலனை, பரிசோதனை முடிவுகளை விளக்குதல் ஆகியவை திரைக்கு ஏற்றவை. புதிதாகத் தோன்றிய வயிற்று வலி, காது வலி, மார்பில் கட்டி, குழந்தையின் மூச்சிரைப்பு ஆகியவற்றைக் கையால் தொட்டும் கருவியால் கேட்டும் பார்த்தாக வேண்டும்.

காய்ச்சலுக்குத் திரைவழி மருத்துவரைப் பார்த்தால் போதுமா?

முதல் நாள் பார்க்கலாம். அதற்குமேல் அதை நம்பியிருக்கக் கூடாது. டிங்கி ஆண்டு முழுவதும் இருக்கும் நாட்டில், இரண்டு மூன்று நாள் நீடிக்கும் காய்ச்சலுக்கு இரத்தப் பரிசோதனை தேவை. இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை குறைகிறதா, இரத்தம் அடர்த்தியாகிறதா என்பதை எந்தத் திரையும் காட்டாது. பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் செய்தி ஒன்று உண்டு. டிங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரமே, அதாவது ஏறக்குறைய மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரையிலான கட்டமே, ஆபத்தான கட்டம். கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், மிகுந்த சோர்வு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். திரைவழி மருத்துவர் காய்ச்சலுக்குப் பாராசிட்டமோல் தவிர வேறு வலிநிவாரணி எழுதினால், டிங்கியை எண்ணிப் பார்த்தீர்களா என்று தயங்காமல் கேளுங்கள்; ஐபுபுரோபெனும் ஆஸ்பிரினும் இரத்தக் கசிவை அதிகப்படுத்தக் கூடியவை.

எப்போது செயலியைத் திறக்கவே கூடாது?

நெஞ்சு வலி, ஒரு பக்கம் கை கால் தளர்தல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், மூச்சுத் திணறல், நினைவு தப்புதல், கர்ப்ப காலத்தில் இரத்தப்போக்கு. இவற்றுக்கு 999.

நல்ல திரைவழி ஆலோசனையை எப்படி அடையாளம் காண்பது?

மருத்துவர் கேட்கும் கேள்விகளை வைத்து அடையாளம் காணலாம். பழைய நோய்கள், இப்போது சாப்பிடும் மருந்துகள், ஒவ்வாமை, பெண்களானால் கர்ப்பம் ஆகியவற்றைக் கேட்காமல் மருந்து எழுதுபவர் உங்களைப் பார்க்கவில்லை, உங்கள் அறிகுறியை மட்டும் பார்த்திருக்கிறார். இரண்டாவதாக, "இந்த அறிகுறி வந்தால், இத்தனை நாளுக்குள் குறையாவிட்டால், நேரில் போங்கள்" என்று ஓர் எல்லையைச் சொல்ல வேண்டும். மூன்றாவதாக, ஆலோசனையின் எழுத்துப் பதிவு உங்களுக்குக் கிடைக்க வேண்டும். அடுத்த மருத்துவர் அதைப் படிக்க முடியாவிட்டால் ஒவ்வொரு முறையும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதாகிவிடும், அதில் ஏதாவது ஒன்று விட்டுப்போகும்.

மொழியும் தரத்தின் ஒரு பகுதிதான். மலாயிலோ ஆங்கிலத்திலோ நெஞ்செரிச்சலுக்கும் நெஞ்சு வலிக்கும் வேறுபாடு சொல்லத் தெரியாத ஒரு பாட்டிக்கு, தமிழ் பேசும் மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும் வசதி சில நேரம் கருவிகளைவிடப் பெரிய உதவி. நேரில் போகும்போது யார் கிடைக்கிறாரோ அவரைத்தான் பார்க்க முடியும், திரையில் தேர்ந்தெடுக்கலாம். தொலைமருத்துவத்தின் இந்தப் பலனைப் பற்றி விளம்பரங்கள் பேசுவதே இல்லை.

கட்டணத்தில் எதற்கெல்லாம் பணம் வாங்குகிறார்கள்?

மூன்று பங்குகள் உண்டு: மருத்துவரின் ஆலோசனை, மருந்து, செயலியின் சேவையும் மருந்து கொண்டுவந்து தருவதும். இம்மூன்றும் ரசீதில் தனித்தனியாக இருக்க வேண்டும்.

ஆலோசனைக் கட்டணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2006-ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் தனியார் கிளினிக்கின் பொது மருத்துவர் வாங்கக்கூடிய ஆலோசனைக் கட்டணத்தை 10 முதல் 35 ரிங்கிட் வரை என்று வரையறுத்தன. வாடகையும் சம்பளமும் ஏறிக்கொண்டே போக, அந்த வரம்பு மிக நீண்ட காலம் அசையாமல் இருந்தது. கிளினிக்குகள் என்ன செய்யும்? ஆலோசனையில் கிடைக்காததை மருந்தில் எடுத்தன. நம் நாட்டில் மருத்துவரே மருந்தும் விற்கலாம் என்பதால் இது எளிதாக நடந்தது. நோயாளிகளும் "மருந்து கொடுக்காமல் வெறும் பேச்சுக்குக் காசா?" என்று கேட்கப் பழகிவிட்டார்கள். அந்தப் பழக்கம் அப்படியே செயலிக்குள் குடியேறிவிட்டது. ஆலோசனை மிக மலிவு, சில வேளைகளில் இலவசம். மருந்துப் பையில்தான் இலாபம். இத்தகைய அமைப்பில் "உங்களுக்கு மருந்தே வேண்டாம், நிறையத் தண்ணீர் குடித்து ஓய்வெடுங்கள்" என்று சொல்லும் நேர்மையான மருத்துவர் நட்டக் கணக்கில் எழுதப்படுகிறார்.

2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்தின் விலையைப் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது விதி. திரைவழியாக மருந்து வாங்கும்போதும் பணம் கட்டும் முன் ஒவ்வொரு மருந்தின் விலையையும் கேட்டு, வீட்டருகே உள்ள மருந்தகத்தின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியில் மருந்து வாங்குவதில் தவறேதும் இல்லை.

நேரில் பார்ப்பதற்கு வாங்கும் அதே கட்டணத்தைத் திரைவழி ஆலோசனைக்கும் வாங்குவது நியாயமா?

கட்டணக் கொள்கையில் உலகெங்கும் தீராத வழக்கு இதுதான். அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்புறுதியான மெடிகேர், 2020 வரை பெரும்பாலும் கிராமப்புற நோயாளிகளுக்கு மட்டும், அதுவும் அவர்கள் ஒரு மருத்துவ நிலையத்துக்கு வந்து அமர்ந்து பேசினால் மட்டுமே தொலைமருத்துவத்துக்குப் பணம் கொடுத்தது. கோவிட்-19 வந்ததும் அந்தத் தடைகளைத் தளர்த்தி, வீட்டிலிருந்தபடி பேசினாலும் நேரில் பார்ப்பதற்குரிய கட்டணத்தையே கொடுக்கத் தொடங்கியது. தொலைபேசியில் பேசுவதற்கும் கொடுத்தது. அப்போது அது தேவையாக இருந்தது. அதை எவ்வளவு காலம், எந்த விகிதத்தில் தொடர்வது என்பதில்தான் வழக்கு.

குறைத்துக் கொடுத்தால், திரையில் முடிந்திருக்கக்கூடிய வேலைக்கும் கிளினிக் உங்களை நேரில் வரச் சொல்லும். சமமாகக் கொடுத்தால், நேரில் பார்க்க வேண்டியதையும் திரையில் முடித்துக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் நான்கு பேரைப் பார்த்த மருத்துவர் பத்துப் பேரைப் பார்க்கும் ஆசை பிறக்கும். இரண்டு தரப்பும் சொல்வதில் உண்மை இருக்கிறது. மருத்துவரின் அறிவுக்கும் பொறுப்புக்கும் திரையில் தள்ளுபடி கிடையாது என்பதால் அந்தப் பங்கைச் சமமாகக் கொடுப்பதே முறை என்பது என் கருத்து. அறை வாடகை, தாதியர், கருவி ஆகிய பங்குகளைத் திரைவழி நோயாளியிடம் வாங்கக் கூடாது. நோயாளி கட்டும் மொத்தத் தொகை அதனால் சற்றே குறையும். மருத்துவருக்குக் கிடைப்பது குறையாது.

அதைவிட முக்கியம் வேறொன்று. ஓர் அழைப்புக்கு இவ்வளவு என்று கொடுக்கும் வரையில், அழைப்புகளின் எண்ணிக்கைதான் பெருகும். சிங்கப்பூரில் 2024-இல் நடந்தது இதற்குச் சான்று. அங்கே ஒரு தொலைமருத்துவ நிறுவனம், ஒரே மாதத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆலோசனைகளை ஒரு நிமிடத்துக்குள் முடித்திருந்ததைச் சுகாதார அமைச்சு கண்டுபிடித்து, அதன் உரிமத்தை அந்த ஆண்டு டிசம்பரில் பறித்தது. நாட்பட்ட நோய்களுக்கு அழைப்பு வாரியாகப் பணம் கொடுப்பதை விட்டு, ஒரு நோயாளியை ஓராண்டு பார்த்துக்கொள்வதற்கு ஒரு தொகை என்று கொடுத்து, அதற்குள்ளேயே நேர்முகச் சந்திப்பு, அழைப்பு, காலைச் சோதித்தல், இரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் அடக்கினால், எதைத் திரையில் பார்ப்பது எதை நேரில் பார்ப்பது என்ற முடிவைக் காசு எடுக்காது, மருத்துவர் எடுப்பார். இதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை: தொகையை வாங்கிக்கொண்டு பார்க்காமலே விட்டுவிடலாம். அதனால்தான் எச்பிஏ1சி எடுத்தார்களா, கண்ணைப் பார்த்தார்களா என்ற பதிவைக் கேட்டு வாங்கிய பிறகே முழுத் தொகையையும் கொடுக்க வேண்டும்.

"நேரில் வாருங்கள்" என்று மருத்துவர் முடித்துவிட்டால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா?

செயலியின் விதியைப் பொறுத்தது. பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள். பெரும்பாலானோர் இதை வீண் செலவாக நினைத்துக் கோபப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நேரில் பார்க்க வேண்டும் என்று கண்டுபிடித்ததும் மருத்துவத் தீர்ப்புதான், சில நேரம் அதுவே மிக முக்கியமான தீர்ப்பு. ஆனால் அதே கிளினிக்குக்குச் சென்றால் கட்டிய தொகையைக் கழித்துக்கொள்வது நல்ல நடைமுறை. பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்ற பயத்தில் மருத்துவர் உங்களைத் திரையிலேயே சமாளித்து அனுப்பும் விதியைவிட, பணத்தைக் கழித்துக்கொள்ளும் விதி பாதுகாப்பானது.

அரசாங்கக் கிளினிக்கில் இந்த வசதி உண்டா? அங்கே எவ்வளவு கட்டணம்?

மலேசியக் குடிமக்களுக்கு அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் வெளிநோயாளிக் கட்டணம் 1 ரிங்கிட், அரசாங்க மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட். சில கிளினிக்குகள் ஏற்கெனவே தங்களிடம் பதிவுள்ள, நோய் கட்டுக்குள் இருக்கும் நோயாளிகளுக்குத் திரைவழி ஆலோசனையும் வழங்குகின்றன; முன்பதிவைச் சுகாதார அமைச்சின் மைசெஜாதெரா செயலியில் செய்ய முடியும். உங்கள் கிளினிக்கில் உண்டா என்பதை அடுத்த முறை போகும்போது முகப்பில் கேட்டுவிடுங்கள். அரசாங்க மருத்துவருக்கு மாதச் சம்பளம் என்பதால், அழைப்பை அவசரமாக முடிப்பதாலோ கூடுதல் மருந்து எழுதுவதாலோ அவருக்கு ஒரு காசும் கூடப் போவதில்லை. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்கள் தங்கள் முதன்மைப் பராமரிப்பை அரசாங்கக் கிளினிக்கிலேயே வைத்துக்கொண்டு, செயலியைச் சில்லறைத் தேவைகளுக்கு மட்டும் பயன்படுத்துவது நல்லது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

என் மெடிக்கல் கார்டு (மருத்துவக் காப்புறுதி அட்டை) திரைவழி ஆலோசனைக்குப் பணம் கொடுக்குமா?

நீங்களாக வாங்கிய மெடிக்கல் கார்டு பெரும்பாலும் மருத்துவமனையில் தங்குவதற்கும் அறுவைச் சிகிச்சைக்கும் உரியது. சாதாரண வெளிநோயாளிச் சிகிச்சை அதில் சேராது. புற்றுநோய்ச் சிகிச்சை, சிறுநீரக இரத்தச் சுத்திகரிப்பு போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. மருத்துவமனையில் தங்குவதற்கு முன்னும் பின்னும் குறிப்பிட்ட நாள்களுக்குள் நடக்கும் ஆலோசனைகளைப் பல திட்டங்கள் ஏற்கின்றன. அந்த ஆலோசனை திரைவழியாக நடந்தால் ஏற்பார்களா என்பதைத் திட்டத்தின் ஆவணத்தில் தேடிப் பாருங்கள். தெளிவாக இல்லையென்றால் முகவரிடம் வாயால் கேட்காமல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

வேலையிடம் தரும் வெளிநோயாளிச் சலுகை வேறு. அதில் திரைவழி ஆலோசனை சேர்க்கப்பட்டிருந்தாலும், முதலாளியின் பட்டியலில் உள்ள கிளினிக்குகளோ குறிப்பிட்ட செயலியோ மட்டுமே ஏற்கப்படும். ஒரு வருகைக்கு இவ்வளவு என்ற உச்சவரம்பும் இருக்கும். அந்த வரம்புக்குள் மருந்தையும் அடக்க வேண்டியிருப்பதால் மூன்று மாத மருந்துக்குப் பதிலாகப் பத்து நாள் மருந்து கொடுத்து அனுப்புவது வழக்கமாக நடக்கிறது. நாட்பட்ட நோய் உள்ளவருக்கு இது பெரிய தொல்லை, மாதத்துக்கு மூன்று அழைப்பு, மூன்று கட்டணம். மனிதவளப் பிரிவிடம் நாட்பட்ட நோய் மருந்துக்குத் தனி வரம்பு இருக்கிறதா என்று கேளுங்கள்; சில நிறுவனங்களில் இருக்கிறது, ஆனால் கேட்டவருக்கு மட்டுமே சொல்கிறார்கள்.

செயலி வழியாகக் கிடைக்கும் எம்.சி.யை, அதாவது மருத்துவ விடுப்புச் சான்றிதழை, முதலாளி ஏற்க வேண்டுமா?

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, முதலாளி நியமித்த மருத்துவர் பரிசோதித்துத் தரும் சான்றிதழே முதலில் செல்லும். அப்படி யாரும் நியமிக்கப்படவில்லை என்றாலோ, நியாயமான நேரத்துக்குள் அல்லது தூரத்தில் அவர் கிடைக்கவில்லை என்றாலோ வேறு பதிவுபெற்ற மருத்துவரின் சான்றிதழ் செல்லும். நோய்வாய்ப்பட்ட 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவித்தாக வேண்டும். சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்பு, பணிக்காலம் 2 ஆண்டுக்குக் குறைவாக இருந்தால் ஆண்டுக்கு 14 நாள், 2 முதல் 5 ஆண்டுக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள்.

சட்டத்தில் "பரிசோதனை" என்ற சொல் இருப்பதால், திரையில் பார்த்ததும் பரிசோதனைதானா என்ற வாக்குவாதம் எழுகிறது. பிறை தொழிற்பேட்டையில் வேலை செய்பவர்கள் நிறுவனத்தின் கொள்கை என்ன என்பதை உடல் நன்றாக இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. எம்.சி.யை மட்டும் விலை குறிப்பிட்டு விற்கும் கணக்குகள் டெலிகிராமிலும் வாட்சாப்பிலும் உலவுகின்றன. அவை போலி ஆவணங்கள், மாட்டினால் போவது வேலை.

திரைவழி மருத்துவர் எல்லா மருந்தையும் எழுதலாமா?

எழுதக் கூடாதவை உண்டு. தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான சில மாத்திரைகள் போன்ற மனநிலையைப் பாதிக்கும் மருந்துகளுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. முன்பின் தெரியாத நோயாளிக்கு அவற்றைத் திரையில் எழுதிக் கொடுப்பவரிடமிருந்து விலகியிருப்பது நல்லது. தொண்டை வலி என்றதும் நுண்ணுயிர்க்கொல்லி (ஆன்டிபயாட்டிக்) எழுதுவதும் அப்படித்தான். பெரும்பாலான தொண்டை வலி வைரசால் வருவது, அந்த மருந்து அதற்கு வேலை செய்யாது. வீட்டுக்கு வரும் மருந்துப் பெட்டியில் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் பாதுகாப்பு ஒட்டுவில்லையும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

சென்னையிலோ மதுரையிலோ உள்ள மருத்துவரிடம் காணொளியில் ஆலோசனை பெறலாமா?

நம் குடும்பங்களில் இது நிறைய நடக்கிறது, குறிப்பாக அங்கே அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு திரும்பியவர்களிடையே. இரண்டாவது கருத்தாகக் கேட்பதைப் பற்றி எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இந்தியா 2020 மார்ச்சில் வெளியிட்ட தொலைமருத்துவ நெறிமுறைகள் இந்திய எல்லைக்கு வெளியே நடக்கும் ஆலோசனைகளைத் தம் வரம்பில் சேர்க்கவில்லை. இங்கேயோ, மலேசியப் பதிவு இல்லாத மருத்துவர் எழுதிய சீட்டுக்கு நம் மருந்தகம் கட்டுப்படுத்தப்பட்ட மருந்தைக் கொடுக்கக் கூடாது; காப்புறுதியும் பணம் கொடுக்காது; ஏதாவது தவறினால் இங்கே புகார் செய்ய இடமும் இல்லை. அவருடைய கருத்தை எழுத்தில் வாங்கி, உங்கள் மலேசிய மருத்துவரிடம் காட்டி, அவரை முடிவெடுக்க வைப்பதே ஒழுங்கான வழி.

வருமான வரிக் கழிவு கிடைக்குமா? சேவை வரி உண்டா?

பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு 8,000 ரிங்கிட் வரை கழிவு உண்டு. மனநல ஆலோசனைக்கும் முழு உடல் பரிசோதனைக்கும் சேர்த்து 1,000 ரிங்கிட் வரை உண்டு. திரைவழியோ நேரிலோ, பதிவுபெற்றவரின் பெயரும் நோயாளியின் பெயரும் உள்ள ரசீது தேவை. செயலியின் பெயர் மட்டும் உள்ள கட்டணச் செய்தியை ரசீதாக நம்பாதீர்கள். சேவை வரியைப் பொறுத்தவரை, 2025 ஜூலை 1 முதல் தனியார் மருத்துவச் சேவைக்கு வெளிநாட்டவரிடம் மட்டும் 6 விழுக்காடு வாங்கப்படுகிறது. தமிழகத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்திருப்பவர்களின் ரசீதில் அது இருந்தால் வியப்படைய வேண்டாம். மலேசியக் குடிமகனின் ரசீதில் இருந்தால் கேள்வி கேளுங்கள்.

அம்மாவுக்காக நான் பேசலாமா? எங்கள் விவரங்கள் பத்திரமாக இருக்குமா?

பேசலாம், ஆனால் அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும், ஒப்புதலை அவர் வாயாலேயே சொல்ல வேண்டும். மகன் முன்னால் சொல்லக் கூச்சப்படும் செய்திகள் தாய்க்கு உண்டு என்பதால், சில நிமிடம் அறையை விட்டு வெளியே போய்விடுங்கள்.

உடல்நலத் தகவலைத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உணர்திறன் மிக்க தகவல் என்று வகைப்படுத்தி, வெளிப்படையான ஒப்புதலைக் கேட்கிறது. 2025 ஜூன் முதல் தரவுக் கசிவு நேர்ந்தால் நிறுவனம் அதைத் தெரிவிக்க வேண்டும் என்ற கடமையும் சேர்ந்திருக்கிறது. அந்தச் சட்டம் அரசாங்கத்துக்குப் பொருந்தாது என்பதையும் அறிந்திருங்கள். ஒப்புதல் பக்கத்தில் விளம்பரத்துக்கும் பிற நிறுவனங்களுடன் பகிர்வதற்கும் தனிப் பெட்டிகள் இருந்தால், அவற்றில் குறியிடாமல் விட்டுவிடலாம்.

தரத்திலோ கட்டணத்திலோ குறை இருந்தால் யாரிடம் போவது?

குறை எதைப் பற்றியது என்பதைப் பொறுத்து இடம் மாறும். மருத்துவரின் நடத்தை, கவனக்குறைவு என்றால் மலேசிய மருத்துவ மன்றம். தனியார் கிளினிக்கின் கட்டணமோ நடைமுறையோ என்றால் சுகாதார அமைச்சின் தனியார் மருத்துவ நடைமுறைக் கட்டுப்பாட்டுப் பிரிவு. பினாங்கு மாநிலச் சுகாதாரத் துறை வழியாகவும் அனுப்பலாம். காப்புறுதி நிறுவனம் கோரிக்கையை மறுத்தால், முதலில் அந்த நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வமாக முறையிட்டு, அதன் இறுதிப் பதிலுக்குப் பிறகு, 2025 ஜனவரி முதல் இயங்கும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவையை அணுகலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் ஜார்ஜ்டவுனில் உள்ள பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திடம் தமிழிலேயே பேசலாம்.

எங்கே போனாலும் ஆலோசனை நடந்த தேதி, நேரம், மருத்துவரின் முழுப் பெயர், பிரித்துக் காட்டிய ரசீது, மருந்துச் சீட்டு, செயலியில் நடந்த எழுத்து உரையாடலைத் திரையிலிருந்து எடுத்த படம் ஆகியவற்றைக் கேட்பார்கள். செயலியை அழித்துவிட்டால் உரையாடலும் உங்கள் கையை விட்டுப் போய்விடக்கூடும் என்பதால், கோபத்தில் முதலில் அதை அழித்துவிடாமல், எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொண்டு பிறகு அழியுங்கள்.